ஆளில்லாக் குரல்

வாக்கெடுப்பு நாளுக்கு முந்திய 48 மணி நேரத்தை மௌனத்துக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது இந்நாட்டின் தேர்தல் நடைமுறை. கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது, ஒலிபெருக்கி வாய் திறத்தலாகாது. ஆரவாரத்தின் புழுதி அடங்கிய பின், வாக்காளன் தன் மனத்தோடு தானே பேசிக்கொள்வதற்கு இரண்டு நாட்களாவது வேண்டும் என்று இதனை வகுத்தோர் கருதினர் போலும். அழகிய கருத்துத்தான். 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி சனிக்கிழமை நடைபெற்ற சனாதிபதித் தேர்தலுக்கான பிரசாரங்கள் யாவும் 18 ஆம் திகதி நள்ளிரவோடு ஓய்ந்தன என வானொலி அறிவித்தது. மஸ்கெலியாவில் எங்கள் லயத்திலே அவை ஓயவில்லை. கைத்தொலைபேசிக்குள் புகுந்துகொண்டன.

வாக்களிப்பதற்காக நான் பேராதனையிலிருந்து புறப்பட்டு, ஹற்றன் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து நோர்வூட் வழியாகப் பேருந்திலுமாக 19 ஆம் திகதி மாலை வீடு சேர்ந்தேன். வந்த சிறிது நேரத்துக்குள் மூன்று அழைப்புகள். எடுத்தால் மறுமுனையில் இசை. பின் ஒரு கனத்த குரல். "அன்பார்ந்த" என்று தொடங்கும் சிங்களப் பேச்சு. "யார்?" என்ற என் கேள்விக்கு அக்குரல் நின்று பதில் கூறவில்லை. கூறும் ஆற்றல் அதற்கில்லை. அது மனிதக் குரலேயாயினும் மனிதன் அங்கில்லை. இவற்றின் இடையே குறுஞ்செய்திகள் வேறு. அனுப்பியவரின் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் மட்டும் நின்றது. அதற்குப் பதிலெழுத வழியில்லை.

தொலைபேசி ஒலித்தால் எடுக்காமல் விட்டுவிடலாமே என்று நகரத்து நண்பரொருவர் எனக்கு அறிவுரை கூறினார். அவர் மலையகத் தோட்டமொன்றில் தொலைபேசி யாது என்பதை அறியாதவர். எங்கள் லயத்து அறைக்குள் அலை எட்டாது. வாசல் தாண்டி, பீலிக்கு மேலேயுள்ள கொய்யா மரத்தடிக்குச் சென்றால் இரண்டு கோடு தெரியும். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆதலால் எங்கள் வீட்டுத் தொலைபேசி பகலெல்லாம் சன்னற் கம்பியில் ஒரு துணிப்பையில் தொங்கும். அது ஒலிக்கும்போது யாரேனும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டும். கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் என் தந்தையின் குரலும், டிக்கோயா ஆசுபத்திரியில் வைத்தியம் பெற்றுவரும் சித்தி பற்றிய செய்தியும், பல்கலைக்கழகத்திலிருந்து நான் பேசுவதும் அந்தத் துணிப்பை வழியாகவே வரும். வழுக்கும் படிகளில் இறங்கி ஓடிப்போய் எடுக்கும் அழைப்பு அது. அவ்வாறு ஓடிப்போய் எடுத்த என் தாயின் காதில், தாம் வாக்குக் கேட்பதை அவர் கேட்டாரா இல்லையா என்பதைக்கூட அறியாத ஒரு குரல் விழுகிறது. இதனைத் தொல்லை என்று மட்டும் கூறி விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ந்ததைச் சற்று விரித்துக் கூற வேண்டியிருக்கிறது.

அன்று தொலைபேசியை எடுத்தவர் என் அம்மாயி. 78 வயது, கண் மங்கிவிட்டது, காது கூர்மை. இம்முறை குரல் தமிழில் ஒலித்தது. நாட்டில் எல்லோரும் அறிந்த ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சொல்லி, "நான் பேசுகின்றேன்" என்றது. அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. அம்மாயி கொய்யா மரத்தடியில் நின்றவாறே முந்தானையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். "கும்புடுறேனுங்க ஐயா" என்றார். "உங்கள் சம்பளப் பிரச்சினையை நான் அறிவேன், உங்கள் வீட்டுப் பிரச்சினையை நான் அறிவேன்" என்று குரல் தொடர்ந்தது. "தெரிஞ்சா நல்லதுங்க ஐயா. கூரைத் தகரம் பூராவும் ஓட்டைங்க. நாலு தடவ எழுதிக் குடுத்தாச்சு" என்று அம்மாயி குறுக்கிட்டார். குரல் நிற்கவில்லை. ஐயா வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் போலும் என்றெண்ணி அவர் சற்றுப் பொறுத்தார். பின் மீண்டும் தகரத்தைப் பற்றித் தொடங்கினார். குரல் ஒரு சின்னத்தைக் கூறி, அதற்கு எதிரே புள்ளடி இடுமாறு வேண்டிற்று. "ஆகட்டுங்க ஐயா" என்றார் அம்மாயி. இணைப்பு அறுந்தது.

"பேச்சு அறுந்து போச்சு சாமி. நீ திருப்பி எடு. தகரத்தப் பத்தி முழுசாச் சொல்லல" என்று தொலைபேசியை என்னிடம் நீட்டினார். வந்த இலக்கத்தைத் திருப்பி அழுத்தினேன். அப்படியோர் இலக்கம் பாவனையில் இல்லை என்று இன்னொரு பதிவுக் குரல் மூன்று மொழிகளிலும் அறிவித்தது. அன்று நான் கேட்ட அழைப்புகளுள் மும்மொழிக் கொள்கையைக் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

அது இயந்திரம், ஐயா பேசவில்லை என்று விளக்கினேன். அம்மாயி நம்பினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. இரவு சோறு போடும்போது அவர் கேட்ட கேள்வி வேறு: "நான் ஆகட்டும்னு சொல்லிப்புட்டேனே. இப்ப மாத்திப் போட்டா அது வாக்குத் தவறினதா ஆவாதா?"

தேர்தற் சட்டங்களைப் பற்றி எழுதிய அறிஞர்கள் வாக்காளர் மீதான தகாத செல்வாக்கினைப் பலவாறு வகுத்துரைப்பர்: அச்சுறுத்தல், கையூட்டு, விருந்தளித்தல், தெய்வக் குற்றம் காட்டி மிரட்டல். ஆளே இல்லாத ஒரு குரலுக்கு வாய்ச்சொல் கொடுத்துவிட்டு, அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவளாகத் தன்னைக் கருதும் கிழவியின் நிலையை எந்த வகையுள் அடக்குவது? கொடுத்த சொல்லைக் காப்பது எம்மவர் வாழ்வின் எஞ்சிய செல்வங்களுள் ஒன்று. அதனை ஒரு கணிப்பொறி, தான் அதனைப் பெற்றதையே அறியாமல், பெற்றுக்கொண்டு போய்விட்டது.

அம்மாயிக்கு வாக்குச்சீட்டு என்பது என்னவென்பதையும் கூறியாக வேண்டும். 1931 இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளருக்கு அது நிபந்தனைகளோடுதான் வந்தது. 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாயினர். மறு ஆண்டு, 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. பிரசையல்லாதோர் இடாப்பில் இருத்தலாகாது என்றாயிற்று. அம்மாயி அப்போது தவழும் குழந்தை. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் அவருடைய குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்தது. தமக்கையார் இருவர் இராமானுசம் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய்விட்டனர். அம்மாயியின் முறை வருமுன் 1984 இல் தலைமன்னார்க் கப்பலே நின்றுவிட்டது. அங்குமில்லை, இங்குமில்லை என்ற நிலை. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே அவர் இலங்கைப் பிரசை ஆனார். 2005 நவம்பரில், தமது 59 ஆம் வயதில், முதன்முதலாக வாக்களித்தார். விரலில் இட்ட மையைத் தேய்த்துக் கழுவாமல் அது தானாக மறையும்வரை வைத்திருந்தாராம். என் தாய் இதனை இன்றும் சிரித்துக்கொண்டே கூறுவார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அரை நூற்றாண்டுக் காலம் எம்மிடம் வாக்குக் கேட்க எவருக்கும் தேவையிருக்கவில்லை. வாக்குரிமை மீண்டதும், நுவரெலியா - மஸ்கெலியா வாக்கெடுப்புப் பிரிவு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்ட பெரும் பிரிவாக நிமிர்ந்தது. இன்று எல்லோருக்கும் நாம் வேண்டும். ஆயினும் இங்கு வந்து, வழுக்கும் படியேறி, பீலியடியில் நின்று பேச வேண்டியவர் ஒருவரும் வேண்டியதில்லை என்ற வசதி அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. இலக்கங்களின் பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு நிமிடப் பேச்சொன்றைப் பதிந்து கொடுத்தால், இணையத்தின் வழியே அது ஆயிரக்கணக்கான இலக்கங்களை ஒரே வேளையில் அழைக்கிறது. யார் எடுத்தார், எத்தனை விநாடி கேட்டார், எப்போது துண்டித்தார் என்பவற்றை அது குறித்துக்கொள்ளும். பெறுபவர் திரையில் எந்த இலக்கம் தோன்ற வேண்டும் என்பதையும் அனுப்புவோர் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ள முடியும். ஆகவே நான் திருப்பி அழைத்த இலக்கம் இல்லாத இலக்கமாக இருந்ததில் வியப்பில்லை.

தோட்டங்களிலே முற்காலத்தில் விடியுமுன் லயங்களூடே தப்படித்துக்கொண்டு போவார்கள். பிரட்டுக்கு எழுப்பும் தப்பு அது. அதுவும் அழையாமல் வந்த ஒலிதான். உறக்கத்தைக் கெடுத்த ஒலிதான். ஆனால் அடித்தவர் இன்னார் என்று தெரியும். "இன்னிக்கு எந்த மலை?" என்று கேட்டால் சொல்லுவார். ஏசினால் திருப்பி ஏசுவார். பழைமையைப் போற்றுவதற்காக நான் இதனைக் கூறவில்லை. பிரட்டுக்களத்தில் நடந்த கொடுமைகளை அறிந்தவர் எவரும் அதனைப் போற்றார். ஒலிக்குப் பின்னே பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தான் என்பதே நான் கூற வருவது.

நிற்க. சட்டம் என்ன செய்கிறது?

சனாதிபதித் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் நாம் இன்றும் நம்பியிருக்கும் சட்டங்கள் 1981 இல் இயற்றப்பட்டவை. அவை சுவரொட்டியை அறியும்; கொடியை அறியும்; வாக்காளரை வாகனத்தில் ஏற்றிச் செல்வதை அறியும்; சோறும் சாராயமும் கொடுத்து வாக்குப் பெறுவதை நன்றாகவே அறியும். அந்நாளில் தோட்டமொன்றில் தொலைபேசி இருந்த இடங்கள் துரை பங்களாவும் அலுவலகமுந்தான். லயத்துக் கிழவியின் காதுக்குள் வேட்பாளர் நேரே நுழையும் காலம் வரும் என்று அச்சட்டத்தை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். 2015 இன் 19 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழுவைத் தந்தது. அவ்வாணைக்குழு வழிகாட்டல்களை வெளியிடுகிறது. மௌன காலத்தில் சமூக ஊடகங்களிலும் பிரசாரம் கூடாதென அறிவிக்கிறது. நல்லது. எனினும் மீறியவரைப் பிடிக்கவும் நீதவான் முன் நிறுத்தவும் அது பொலிஸாரின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவிக்கும் வாய் ஒன்று, பிடிக்கும் கை இன்னொன்று. தேர்தல் முடிந்து வென்றவர் பதவியேற்ற பின், அந்தக் கைக்கு எத்தனையோ வேறு வேலைகள் வந்துவிடுகின்றன.

நானும் முறைப்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமை இரவே, முறைப்பாடுகளை ஏற்கும் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூறினேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார். "அழைத்த இலக்கம் எது?" கூறினேன். "அது யாருடைய இலக்கம்?" அது பாவனையில் இல்லாத இலக்கம். "பேச்சைப் பதிவு செய்தீர்களா?" எங்கள் வீட்டுத் தொலைபேசி பொத்தான் வைத்த பழைய வகை, அதில் வாய்ப்பில்லை. "அப்படியாயின் அழைத்தவர் இன்னார் என்று எவ்வாறு நிரூபிப்பீர்கள்?" அவரே தம் பெயரைக் கூறினார் என்றேன். "வேறொருவர் அவருடைய குரலில் செய்திருக்கலாம் அல்லவா?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கொரு முறைப்பாட்டு இலக்கம் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவரை நான் குறை கூறவில்லை. சாட்சியைத் தேடித் தர வேண்டிய சுமையை, தொலைபேசி இணைப்பு விவரம் ஒன்றையும் கேட்டுப் பெற முடியாத வாக்காளன் தலையில் வைக்கும் முறைமையையே குறை கூறுகிறேன். எந்த இலக்கத்துக்கு எந்த வழியாக அழைப்பு வந்தது என்பது தொலைபேசி நிறுவனங்களின் ஏடுகளில் இருக்கும். அவற்றை அன்றே கேட்க வல்லவர் கேட்டால்தான் உண்டு.

தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் நிறுவனம் இந்நாட்டில் இல்லாமலில்லை. ஆனால் அதன் கைகள் தேர்தற் காலத்தில் எப்பக்கம் நீளும் என்ற ஐயம் பழையது. 2010 புத்தாண்டன்று, சனாதிபதித் தேர்தலுக்கு நான்கு வாரங்கூட இல்லாத வேளையில், அப்போது சனாதிபதியாகவும் வேட்பாளராகவும் இருந்த மகிந்த ராஜபக்சவின் பெயரில் வாழ்த்துக் குறுஞ்செய்தி நாடெங்கும் கைத்தொலைபேசிகளுக்கு வந்தது. ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பணிப்புரைப்படியே நிறுவனங்கள் அதனை அனுப்பின என்று அக்காலத்துச் செய்திகள் கூறின, கண்டனங்களும் எழுந்தன. புத்தாண்டு வாழ்த்தைப் பிரசாரமென்பதா என்று சிலர் கேட்டனர். வாழ்த்தத்தான் வேண்டுமென்றால் முந்திய ஆண்டுகளிலும் வாழ்த்தியிருக்கலாமே என்பது என் எண்ணம்.

இது எமக்கு மட்டுமே உரிய நோயன்று. இந்தியாவில் 2004 பொதுத் தேர்தலின்போது பிரதமர் வாஜ்பாயியின் பதிவுக் குரல் தொலைபேசிகளில் ஒலித்தது. அத்தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது என்பதை எம் வேட்பாளர்கள் கவனித்தாரில்லை. 2024 மார்ச்சில் அங்கே தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னும் அரசின் சாதனைகளைக் கூறும் செய்திகள் வாட்ஸ்அப் வழியே மக்களுக்குச் சென்றன. அதனை உடனே நிறுத்துமாறு தேர்தல் ஆணையம் உரிய அமைச்சுக்கு 21 ஆம் திகதி உத்தரவிட்டது. வாக்கெடுப்புக்கு முன்பே வந்த உத்தரவு அது; அதனாலேயே அதற்கொரு மதிப்புண்டு.

கனடாவில் நடந்தது இன்னும் பாரதூரமானது. 2011 மே 2 ஆம் திகதி, பொதுத் தேர்தல் நாளன்று, குவெல்ப் என்ற நகரத்து வாக்காளர் பலருக்குத் தேர்தல் திணைக்களம் பேசுவதுபோல் ஒரு பதிவுக் குரல் வந்தது. உங்கள் வாக்குச்சாவடி வேறிடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது என்றது. சென்றவர்கள் ஏமாந்தனர். அதற்குப் பொறுப்பானவரெனக் கட்சியின் இளம் ஊழியர் ஒருவர் 2014 இல் குற்றவாளியாகக் காணப்பட்டு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இதனை அவர் தனியே செய்திருக்க மாட்டார் என்று நீதிபதி கருத்துத் தெரிவித்தார். ஆனால் வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. வளம் மிக்க நாடு. விசாரணையாளருக்குக் குறைவில்லாத நாடு. அங்கும் மூன்றாண்டு சென்றது.

அமெரிக்காவில் 2024 சனவரியில் நியூ ஹாம்ப்சயர் மாநில முன்தேர்தலுக்குச் சற்று முன்பு, சனாதிபதி பைடனின் குரலைச் செயற்கை அறிவினால் போலி செய்து, வாக்களிக்கப் போக வேண்டாமென்ற தொனியில் அழைப்புகள் விடப்பட்டன. அடுத்த மாதமே, இத்தகைய செயற்கைக் குரல்களும் 1991 இன் தொலைபேசி நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு தீர்ப்பளித்தது. இதன் பின்னிருந்த அரசியல் ஆலோசகருக்கு 60 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. எனினும் 2025 யூனில் மாநில நீதிமன்றத்து யூரர்கள் குற்றவியல் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்துவிட்டனர். இவ்வளவுக்கும், வீட்டுத் தொலைபேசிக்கு விற்பனை அழைப்பு வேண்டாமென்று பதிவு செய்துகொள்ளும் அமெரிக்கப் பட்டியல் அரசியல் அழைப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை. சட்டம் இயற்றுபவர் தமக்கென ஒரு சிறு கதவைத் திறந்து வைத்துக்கொள்வது எந்நாட்டிலும் இயல்பு போலும்.

எம் நாட்டிலும் புதிய சட்டங்கள் இரண்டு வந்துள்ளன. ஒன்று 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவருடைய சம்மதமின்றி அவருடைய விவரங்களைக் கொண்டு அவருக்குச் செய்தி அனுப்புவதைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. கேட்பதற்கு இனிமையானது. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாயிருந்து, வருமுன்னரே பின்போடப்பட்டன. எங்கள் வீட்டு இலக்கம் எங்கிருந்து போயிற்று என்பதை எண்ணிப் பார்க்கிறேன். நிவாரணப் பொதிக்காக எழுதிக் கொடுத்த தாளிலிருந்தா? கடையொன்றில் பணம் நிரப்பியபோது கொப்பியில் எழுதியதிலிருந்தா? கூரைத் தகரத்துக்காக அம்மாயி நான்கு தடவை எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களிலும் அந்த இலக்கம் இருக்கிறது. தகரம் வரவில்லை.

மற்றையது 2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம். 2024 சனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா வீதம் செலவிடலாம் என ஆணைக்குழு விதித்தது. பதிவுபெற்ற வாக்காளர் 17,140,354 பேர். ஆகவே வேட்பாளரொருவர் செலவிடக்கூடிய உச்சத் தொகை 186 கோடி 82 இலட்சத்துக்கு மேல். இக்கணக்கின்படி அம்மாயிக்கும் ஒவ்வொரு வேட்பாளரும் 109 ரூபா செலவிட உரிமையுடையவர். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாதவர் மீது நடவடிக்கை என்று ஆணைக்குழு அறிவித்ததும் உண்மையே. ஆனால் காட்டிய கணக்கு மெய்யா என்பதை எவர் அளப்பர்? சுவரொட்டியை எண்ணலாம், மேடையை அளக்கலாம், மேடைக்கு முன் போட்ட நாற்காலியைக்கூட எண்ணலாம். இல்லாத இலக்கத்திலிருந்து வந்த அழைப்பை, அழைத்தது நானில்லை என்று வேட்பாளர் கூறிவிட்டால், எந்த நிரலில் எழுதுவது? தேர்தல் கண்காணிப்பில் நீண்டகாலமாக ஈடுபட்டுவரும் பெஃப்ரல் போன்ற அமைப்புகளும் கண்ணுக்குத் தெரியும் செலவைத்தானே எளிதில் மதிப்பிட முடியும்!

பேச்சுரிமை என்ற எதிர்வாதம் உண்டு என்பதை அறிவேன். எம் துறை விரிவுரையாளர் ஒருவருடன் இதுபற்றி நெடுநேரம் வாதாடினேன். அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது; வேட்பாளரின் பேச்சைத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால், ஆளுங்கட்சி தன் எதிரிகளின் வாயையல்லவா முதலில் கட்டும் என்று அவர் கேட்டார். சிறிய கட்சிகளுக்கும் பணமில்லாத வேட்பாளருக்கும் தொலைபேசி மலிவான வழி என்றும் கூறினார். முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது என் செவிக்கு அத்துணை உண்மையாகப் படவில்லை. அந்த இரு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த குரல்களுள் ஏழைக் கட்சியினுடையது ஒன்றுமில்லை. பேசுவதற்கு உரிமை இருப்பது மெய்யானால், பேசுகிறவர் இன்னார் என்பதை மறைப்பதற்கும் உரிமை இருக்கிறதா? கூட்டத்துக்குப் போகாமலிருக்கலாம், துண்டுப் பிரசுரத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம், மேடையில் பேசுகிறவரை நோக்கிக் கூவலாம். வீட்டுக்குள் வந்து, கேள்வி கேட்டால் நில்லாமல், விலாசமும் சொல்லாமல் போய்விடும் பேச்சுக்கு இவை எவற்றாலும் மறுமொழி கூற முடியாது. அழைப்பைத் தடைசெய்யுமாறு நான் கேட்கவில்லை. பணம் கொடுத்தவர் பெயர் முதல் வாக்கியத்திலேயே வரட்டும். திருப்பி அழைத்தால் ஒரு மனிதர் எடுக்கட்டும். கேட்பவர் மொழியில் பேசட்டும். மௌன காலத்தில் இத்தகைய அழைப்புகளைக் கடத்தும் நிறுவனமும் அன்றே பதில் கூறக் கடமைப்படட்டும். வேட்பாளரை நிரூபிப்பது அரிது. நிறுவனத்தின் ஏட்டைப் பார்ப்பது அரிதன்று.

21 ஆம் திகதி காலை, அம்மாயியைக் கைபிடித்து வாக்குச்சாவடியான பாடசாலைக்கு அழைத்துச் சென்றேன். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மேல் மூடுபனி கிடந்தது. வரிசையில் நின்றபோதும் அவர் முகத்தில் அந்தக் கேள்வி நீங்கவில்லை. உள்ளே சென்றவர் வழமையைவிட நெடுநேரம் கழித்தே வெளியே வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை.

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. மஸ்கெலியா பிரதேச சபைக்குப் போட்டியிட்டவர்களுள் ஒருவர் எங்கள் மேற்பிரிவைச் சேர்ந்தவர்; என் தாயுடன் ஒரே மலையில் கொழுந்து பறித்தவரின் மகன். ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில் அவர் துண்டுப் பிரசுரக் கட்டுடன் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் விடுமுறையில் வீட்டிலிருந்தேன். அவர் வாய் திறக்குமுன் அம்மாயி தகரத்தைப் பற்றித் தொடங்கிவிட்டார். வீட்டுக் கூரை பிரதேச சபையின் பொறுப்பில் வராது, தோட்ட நிருவாகத்திடந்தான் கேட்க வேண்டும் என்று அவர் விளக்க முயன்றார். அம்மாயி விடவில்லை. அப்படியானால் பீலிக்குப் போகும் படியாவது சபையின் பொறுப்பா என்று கேட்டார். அதற்கும் நேரான பதில் அவரிடம் இல்லை. கேட்டுச் சொல்வதாகக் கூறினார். "எப்ப சொல்லுவ?" என்றார் அம்மாயி. வந்தவர் சிரித்தார், பின் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை என்றார். பிரசுரத்தைப் பெற்றுக்கொண்ட அம்மாயி, அதில் இருந்த படத்தைக் கண்ணருகே பிடித்து, எதிரே நின்றவரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். படிகள் தோட்டத்துக்கே உரியவை என்ற செய்தியோடுதான் வந்தார். அம்மாயி அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, வாக்களிப்பதாக ஒரு சொல்லும் கொடாமல் அனுப்பி வைத்தார்.